யாரு கெணத்துல?

1

கடந்த ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பத்திரண்டாவது வயதில், முதன்முறையாக இருபத்தைந்து மீட்டர் நீந்தினேன். நகராட்சி நீச்சல்குளத்தின் ஓரத் தடத்தில், கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு முறை கயிற்றைப் பிடித்து நின்று. கயிற்றைப் பிடித்ததைக் கைக்கடிகாரம் கண்டுகொள்ளவில்லை. 'நீச்சல், 25 மீட்டர்' என்று போனில் உள்ள செயலியில் ஏற்றிவிட்டது.

அன்று மாலை டிராமில் வீடு திரும்பும்போது செயலியைத் திறந்தேன். நீச்சலுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. எழுதியவன் என் தம்பி முத்து.

"யாரு கெணத்துல?"

முத்து என்னோடு பேசி மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன.

எங்கள் ஊர் பரளச்சியைத் தாண்டி, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முத்து அங்கே மினி வேன் வைத்திருக்கிறான். கரி மூட்டை, பருத்தி, ஆடு, கல்யாண வீட்டுப் பாத்திரம், எந்த லோடானாலும் ஏற்றுவான். சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொன்னபோது, அவன் மகன் கார்த்தி அவன் போனில் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். போட்ட கையோடு பெரியப்பாவான என்னையும் அதில் சேர்த்துவிட்டான். முத்து காலையில் கண்மாய்க் கரையில் நடப்பது எனக்குத் தெரியும். நான் இங்கே ஓடுவது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்தக் கட்டைவிரலை அழுத்துவது முத்துவா, போனை நோண்டும் கார்த்தியா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை.

"யாரு கெணத்துல?" என்பது கார்த்தி கேட்கக்கூடிய கேள்வி அல்ல. அவன் பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது.

2

நான் தண்ணீரில் இறங்கியது ஓடுவதற்காக. இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம்.

ஜெர்மனியின் வடக்கே இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி செல்வி நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்கு. நான் பின்னால் வந்தவன். அதற்கு முன் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குத் திருச்சுழிப் பகுதி நிருபராக இருந்தேன். இப்போது பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை. முகவரிகளைத் தப்பில்லாமல் படிப்பவன் என்று அங்கே எனக்கு நல்ல பெயர் உண்டு.

அய்யா, எங்கள் அப்பா, இறந்த பிறகு ஓட ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ரத்த அழுத்தம் என்று சொன்னேன். ஐந்து கிலோமீட்டர் பத்தாகி, பத்து இருபதாகி, இந்த ஆண்டு அக்டோபரில் எங்கள் நகரத்தில் நடக்கும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சில்லறையும். ஜனவரியில் இடது காலின் முன் எலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விட்டது. ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர்.

எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தில் ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஊட்டா. வயது அறுபத்தேழு. பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டிகளில் ஒரு காலத்தில் கலந்துகொண்டவர். என் காலைப் பார்த்துவிட்டுக் கட்டம் போட்ட தாளில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். எலும்பு கூடும்வரை ஓட்டமே இல்லை. கூடிய பிறகு வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் ஓய்வு.

"உன் இதயத்துக்கு நீ ஓடுகிறாயா, மிதிக்கிறாயா, நீந்துகிறாயா என்று தெரியாது. எலும்புக்கு மட்டும்தான் தெரியும். எலும்புக்குத் தெரியாமல் இதயத்தைப் பழக்குவோம்" என்றார்.

எனக்கு நீந்தத் தெரியாது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் ஆறு வயதில் எல்லோரும் நீந்திவிடுகிறார்கள். "விபத்து ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஊரில் தண்ணீர் இல்லையோ?" என்றார். நல்ல வறண்ட பூமி என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பத்திரிகையில் அப்படி எழுதிப் பழகியிருந்தேன்.

3

எங்கள் ஊரில் நீந்துகிற அளவு தண்ணீர் கிடந்தது ஒரே ஒரு கிணற்றில். பெரிய வீட்டுக் கிணறு என்போம். சதுரக் கிணறு, பாறையில் இறங்கியது. ஒரு பக்கச் சுவரில் கல்படிகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் படிகளைப் பதித்தது எங்கள் அய்யா. கிணற்றை ஆழப்படுத்தியதும் அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான். கடப்பாரை, சம்மட்டி, வெடி. கிணறு வெட்டுவதுதான் அவர் தொழில். எங்கள் சுற்றுவட்டத்தில் அவர் கை படாத கிணறு குறைவு.

அந்தக் கிணற்றில் எங்கள் தெருப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை. கோடையில் நீர் வற்றியதும் தூர் எடுக்க அய்யாவைக் கூப்பிடுவார்கள். அடிவரை இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று, பத்து நாள் வேலை. ஊற்றுக் கண் திறந்து நீர் கொப்பளிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். பிறகு அடுத்த கோடைவரை அந்தப் பக்கம் வேலை இல்லை. தண்ணீர் இல்லாதவரை நாங்கள் உள்ளே. தண்ணீர் வந்ததும் வெளியே. அய்யாவுக்கும் நீந்தத் தெரியாது.

முத்துவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கிணற்றில் இறங்கினான். நான் மேலே காவல். மூன்றாவது படியில் நின்று காலைத் தண்ணீருக்குள் விட்டான், அவ்வளவுதான். பெரிய வீட்டு ஆள் வந்துவிட்டார். நான் ஓடிவிட்டேன். அவனை எச்சரிக்க ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. அவன் அடி வாங்கினான். மறுநாள் அய்யா பெரிய வீட்டு வாசலில் போய் நின்று தலைகுனிந்துவிட்டு வந்தார். முத்து அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. குளத்துக்குப் போகும் வழியில் குளியலறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. தண்ணீரில் இறங்குமுன் சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவ வேண்டும்; எந்தெந்த இடம் என்று படம் வேறு. எல்லோருக்கும் பொதுவான பலகை. பக்கத்தில் ஒரு தொந்திக்காரத் தாத்தா பாட்டுப் பாடிக்கொண்டே சோப்புப் போட்டார். பொதுப் பலகைதான் என்று தெரிந்தும் முதல் நாள் இரண்டு முறை கழுவினேன். யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு இறங்கினேன்.

முதல் சில வாரங்கள் நீந்தவில்லை. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் நின்ற வாக்கில் ஓட வேண்டும். கால் எதிலும் படாது. மூச்சு வாங்கும், எலும்புக்குத் தெரியாது. அடுத்த தடத்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் நீச்சல் பழகின. இருபத்தைந்து மீட்டர் நீந்தி, ஆழத்தில் போட்ட வளையத்தை எடுத்து வந்தால் கடல்குதிரை என்னும் குதிரைமீன் படம் போட்ட ஒரு துணி பேட்ஜ் கொடுப்பார்கள். என் மகள் கயல் ஆறு வயதில் அதை வாங்கியிருக்கிறாள். இப்போது அவளுக்குப் பதினாறு. ஒரு நாள் என்னோடு குளத்துக்கு வந்து, கரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, முகத்த உள்ள வை. நீ நாய் மாதிரி நீந்துற" என்றாள். பிறகு தன் தோழிகள் வந்துவிட, அவர்களோடு ஜெர்மன் மொழியில் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட முயற்சி தெரிந்தது.

4

முத்து ஏன் பேச்சை நிறுத்தினான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புரட்டாசியில் அய்யா படுத்துவிட்டார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முத்து போன் செய்தான். "அண்ணே, ரெண்டு நாளு, மிஞ்சிப்போனா மூணு நாளு. கெளம்பு."

அப்போது இந்த நாட்டில் தங்குவதற்கான என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது வருவதற்காகக் காத்திருந்தேன். இடைக்காலத்துக்கு ஒரு மடித்த தாள் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். எனக்கு மூன்றாவதில் குறி போட்டிருந்தது. நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வரலாம் என்று பொருள். அந்தத் தாளை அன்று பத்து முறை படித்தேன். பிழை திருத்திப் பழகிய கண். பொருளில் சந்தேகம் இல்லை. ஆனால் கிடங்கில் ஒருவன், தனக்குத் தெரிந்த யாரையோ இதே தாளோடு விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்லியிருந்தான். விளக்கம் கேட்கலாம் என்று குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தால், காத்திருக்கச் சொல்லிப் பியானோ இசைதான் ஓடியது.

"போயிட்டு வாங்க. தடுத்தா அப்பப் பாத்துக்கலாம்" என்றாள் செல்வி.

நான் போகவில்லை. திரும்பி வர முடியாமல் போய்விடும் என்று பயந்தேன். முத்துவிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பாஸ்போர்ட்ட ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்கான்டா, தர மாட்டேங்கிறான்" என்றேன். அந்த அலுவலகம் என்னிடம் எதையும் வாங்கி வைக்கவில்லை.

"அப்ப வர முடியாதுங்கிறியா?"

"எப்படிடா வாரது?"

"சரிண்ணே. நான் பாத்துக்கிறேன்."

மூன்றாம் நாள் அய்யா போய்விட்டார். எல்லாக் காரியங்களையும் முத்து செய்தான்.

இரண்டு மாதம் கழித்து, புதிய அட்டை வந்ததும் மூவரும் ஊருக்குப் போனோம். முத்து எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். கயலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளிடம் பேச்சுக் கொடுத்தான்.

"ஒங்க அப்பா பாஸ்போர்ட்ட அந்த ஊரு ஆபீஸ்காரன் வச்சுக்கிட்டானாமே, ஒனக்குத் தெரியுமா? வெள்ளக்காரன் பூராம் இப்படித்தான் பண்ணுவானா?"

கயல் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அக்கறையோடு திருத்தினாள். "இல்ல சித்தப்பா. பாஸ்போர்ட் எங்க வீட்டுலதான் இருந்துச்சு. சிவப்பு டப்பால. என் குதிரைமீன் பேட்ஜ் கூட."

முத்து கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தான். "சரித்தா, நீ சாப்புடு" என்றான். என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் ஊரில் இருந்த எட்டு நாளும் அவனுக்கு வெளியூர் லோடு இருந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது போன் செய்தாலும் அவன் மனைவி பாண்டியம்மாள்தான் எடுப்பாள். "அவுக வண்டியில போயிருக்காக, மாமா." அவள் குரலுக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்கும்.

5

"யாரு கெணத்துல?" என்ற வரியை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். பிறகு எழுதினேன்: "முனிசிபாலிட்டி கெணறு. யாரு வேணாலும் எறங்கலாம்."

இரண்டு நாள் கழித்து: "ஆழம் எம்புட்டு?"

"ஒரு பக்கம் கால் எட்டும். இன்னொரு பக்கம் எட்டாது."

"எட்டாத பக்கம் போகாத. ஒனக்கு ஓடத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையில் கேலி மட்டும்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அவன் எழுதினான். அதன் பிறகு ஒவ்வொரு நீச்சலுக்கும் ஒரு வரியாவது வந்தது. "தண்ணி ஜில்லுன்னு இருக்குமா?" "பொம்பளையாளுகளும் அதே தண்ணியிலயா? அண்ணி திட்டலையா?" "ஐநூறு மீட்டரா? நம்ம கண்மாய்த் தண்ணி மறுகா பாயுற வாய்க்கால விட ஜாஸ்தில." நான் ஓடினாலோ சைக்கிள் மிதித்தாலோ பழையபடி கட்டைவிரல்தான்.

சைக்கிளைப் பற்றி அவனிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. நிருபராக இருந்தபோது, எழுதிய செய்தியைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்த மிதி இன்னும் தொடையில் இருக்கிறது. ஊட்டா என் சைக்கிளோட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே பழகினாய்?" என்று வியந்தார். அந்தக் கவர்களில் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி எத்தனையோ செய்தி அனுப்பியிருக்கிறேன். வறண்ட கண்மாய், உடைந்த மடை, காலிக் குடங்களோடு மறியல். பெரிய வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு வரியும் அனுப்பியதில்லை. அதே ஊரில் இருந்தாக வேண்டுமே என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச்சில் கூடிய எலும்பு ஜூன் மாதத்துக்குள் நன்றாக உறுதிப்பட்டுவிட்டது. இனி ஓட்டத்தைக் கூட்ட வேண்டிய காலம். நான் நீச்சலைக் கூட்டினேன். திட்டத்தில் வாரம் ஒரு நாள் என்று இருந்ததை மூன்றாக்கினேன், பிறகு நான்காக்கினேன். ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்த அன்று குளத்துக்குப் போய் நாற்பது முறை இங்கும் அங்கும் நீந்தினேன். அன்று முத்து இரண்டு வரி எழுதினான்.

ஊட்டா என் பதிவுகளை மாதம் ஒரு முறை பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தண்ணீரில் பழகுவது ஓட்டத்துக்குத் துணை. துணை முதலாளியாகிவிட்டது. மாரத்தான் தார்ச்சாலையில் நடக்கிறது, தெரியும் அல்லவா? முப்பதாவது கிலோமீட்டரில் உன் கால் உன்னிடம் கணக்குக் கேட்கும். நீச்சல் பதில் சொல்லாது."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

ஜெர்மன் மொழியில் எனக்கு அதற்கான வாக்கியம் அமையவில்லை. நீந்தினால் என் தம்பி பேசுகிறான் என்பதைத் தமிழில்கூட யாரிடமும் சொன்னதில்லை. "தண்ணீர் பிடித்துவிட்டது" என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு நீண்ட ஓட்டங்களைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். சைக்கிளை விட்டு இறங்கிய உடனே ஓட வேண்டும் என்றும் சேர்த்தார். களைத்த காலில் ஓடப் பழகுவதற்கு. முதல் ஒரு கிலோமீட்டருக்கு அந்தக் கால்கள் யாருடையவோ போல இருக்கும்.

6

ஆகஸ்டில், ஒரு நீச்சலுக்குக் கீழே நான் கேட்டேன்: "அய்யா பதிச்ச படி எத்தனன்னு ஞாபகம் இருக்கா? இருபத்தொண்ணுதான?"

"இருவத்தஞ்சு."

"இல்ல, இருபத்தொண்ணு."

பதில் வரவில்லை. நான்காம் நாள் மத்தியானம் கிடங்கின் உணவு இடைவேளையில் போன் அடித்தது. திரையில் முத்துவின் பெயர். கையில் இருந்த ரொட்டியைப் பெட்டிமேல் வைத்தேன்.

"அண்ணே."

குரல் இரண்டு இரண்டாகக் கேட்டது. "எங்கடா இருக்க? எதிரொலிக்குது."

"கெணத்துக்குள்ள நிக்கேன். டவர் ஒரு புள்ளிதான் காட்டுது. சீக்கிரம் பேசணும்."

"ஏலே கிறுக்குப் பயலே, சுகர வச்சுக்கிட்டு, அந்த முழங்கால வச்சுக்கிட்டு எதுக்குடா எறங்குன? கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நீயும் மேல இல்ல, நிம்மதியா எறங்குனேன்" என்று சிரித்தான். "எண்ணிப்புட்டேன். இருவத்தி மூணு கண்ணுக்குத் தெரியுது. கீழ ரெண்டு மண்ணுல பொதஞ்சு கெடக்கு, காலால தள்ளிப் பாத்தேன். ஆக இருவத்தஞ்சு. நான் சொன்னேன்ல?"

"தண்ணி?"

"தண்ணியா! நாலஞ்சு வருசமா பொட்டுத் தண்ணி கெடையாது. பெரிய வீட்டாளுக மதுரப் பக்கம் போயிட்டாக. உள்ள பிளாஸ்டிக் பாட்டிலும் சீமக்கருவேலுமா கெடக்கு. இப்ப யாரு வேணாலும் எறங்கலாம்ணே. தண்ணிதான் இல்ல."

இனி எப்போது இந்தக் குரல் கிடைக்கும் என்று தெரியாததால், சொன்னேன். "முத்து, அன்னைக்கு பாஸ்போர்ட்டு என்கிட்டதான் இருந்துச்சு. வந்திருக்கலாம். திரும்ப விடமாட்டானோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்ணே. அந்தப் புள்ள அன்னைக்கே சொல்லிருச்சுல."

"அதுக்குத்தான் பேசாம இருந்தியா?"

"நீ பொய் சொன்னதுக்காக மட்டும் இல்ல." கொஞ்சம் மூச்சு விட்டான். "நான் சொன்ன பொய்யி இருக்குல்ல, அதுக்கு."

அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"அய்யா கண்ணத் தொறந்தா ஒரே கேள்விதான். பெரியவன் எங்க வாரான்? வரலைன்னு எப்படிச் சொல்லச் சொல்ற? பிளேன் ஏறிருச்சுய்யான்னேன். தலைய ஆட்டிக்கிட்டு கண்ண மூடிக்கிட்டாரு. பொறவு மறுபடி முழிச்சு, எங்க வாரான்? துபாய் வந்துருச்சுய்யா. எங்க வாரான்? மதுர வந்துருச்சுய்யா. மொகம் தெளிஞ்சிருச்சுண்ணே அவுகளுக்கு. நாம ஒண்ணு சொல்லச் சொல்ல உசுரப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. நானும் மெதுவாத்தான் கொண்டாறேன். காரியாபட்டி தாண்டிருச்சுன்னேன். கொஞ்சம் கஞ்சி குடிச்சாரு. அருப்புக்கோட்டையில பஸ்ஸு மாறிருச்சுன்னேன். பரளச்சி வந்துருச்சுன்னேன். அப்ப சொல்றாரு, நாயப் பிடிச்சுக் கட்டுடா, அவன அதுக்குத் தெரியாது, குலைக்கும்னாரு."

எதிரொலி நின்றது.

"கட்டுனேன். அதுக்கப்பறம் முழிச்சுக் கேட்டாரு, எங்க வாரான்? சொல்ல ஊரு இல்லண்ணே. பரளச்சிக்கு அப்பறம் நம்ம ஊருதான. நான் என்னத்தச் சொல்ல? அவரு வாசலப் பாத்தாரு. நானும் வாசலப் பாத்தேன்."

கிடங்கில் மணி அடித்தது. பெட்டிகள் நகர ஆரம்பித்தன. மேற்பார்வையாளர் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"நெசமாவே ஆபீஸ்காரன் பிடிச்சு வச்சிருந்தான்னா அந்தப் பொய்ய நான் தாங்கியிருப்பேன்" என்றான் முத்து. "சரி, ஏறுறேன். இருட்டுறதுக்குள்ள ஏறணும். படி நல்லாத்தான் இருக்கு. ஒரு படி ஆடல."

மேலே ஏறியதும் ஒரு வார்த்தை சொல் என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது.

7

அதன் பிறகு ஊட்டா எழுதிக் கொடுத்தபடி ஓடினேன். சைக்கிளை விட்டு இறங்கியும் ஓடினேன். நீச்சல் வாரத்தில் ஒரு நாள், அதற்கு மேல் இல்லை. முத்து போனில் பேசினான், அடிக்கடி இல்லை. சர்க்கரை அளவு, கார்த்தியின் படிப்பு, மழை பெய்யவில்லை என்பது. அந்த மூன்று நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரு நாள் போனில் வரைபடத்தைத் திறந்து, காரியாபட்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு புள்ளி வைத்தேன், எங்கள் வீட்டு வாசலில் ஒரு புள்ளி வைத்தேன். அருப்புக்கோட்டை வழியாக நாற்பத்தோரு கிலோமீட்டரும் முந்நூறு மீட்டரும். மாரத்தானுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் குறைவு. தாளில் எழுதி மடித்துச் சிவப்பு டப்பாவில் வைத்தேன்.

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று குளிர்ந்திருந்தது. எழுதத் தகுந்த வீரம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் பத்து கிலோமீட்டர் கூட்டத்தோடு போனேன். இருபதில் செல்வி வாழைப்பழம் கொடுத்தாள். கயல் தோழிகளோடு பாலத்தின் மேல் நின்று ஒரு முறை கத்தினாள், தமிழில், "அப்பா, போ!" என்று. இருபத்திரண்டில் அருப்புக்கோட்டை என்று நினைத்துக்கொண்டேன். முப்பதில் ஊட்டா சொன்னபடி கால்கள் கணக்குக் கேட்டன. முப்பத்தைந்துக்கு மேல் பலர் நடந்தார்கள். நான் நடக்கவில்லை. சைக்கிளில் இருந்து இறங்கி ஓடிய அந்த மரத்துப்போன கால்களை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் பரளச்சி.

கடிகாரம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று காட்டியதும் நின்றேன்.

ஓரமாக, மூடியிருந்த ஒரு ரொட்டிக் கடையின் முன்னால். சாலையைப் பார்த்தபடி நிற்காமல் கடையின் கதவைப் பார்த்தபடி நின்றேன். தண்ணீர்க் கோப்பை கொடுக்கும் தொண்டர் ஒருவர், பெரியவர், அருகில் வந்தார். கால் வலியா என்று கேட்டார். இல்லை, வந்துவிட்டேன் என்றேன். நான் முடிவுக் கோடு இதுதான் என்று நினைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோளைத் தொட்டு, மிகவும் வருத்தத்தோடு, தெருக்கோடியைச் சுட்டிக் காட்டினார். "இன்னும் தொள்ளாயிரம் மீட்டர் இருக்கிறது, ஐயா."

இரண்டு நிமிடம் அங்கே நின்றேன். பிறகு மீதியை ஓடி முடித்தேன்.

மத்தியானம் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது முத்து கூப்பிட்டான்.

"கார்த்தி போன்ல காட்டிக்கிட்டே இருந்தான். புள்ளி ஊர்ந்து ஊர்ந்து வருது. கடைசில அப்படியே நின்னுபோச்சு. சுருண்டு விழுந்துட்டியோன்னு நெனச்சேன். இம்புட்டுத் தூரம் வந்துட்டு நாப்பத்தொண்ணுல எதுக்குண்ணே நின்ன?"

"காரியாபட்டியிலருந்து நம்ம வாசலுக்கு அவ்வளவு தூரம்தான்டா."

அந்தப் பக்கம் வண்டி ஒன்று போனது. பாண்டியம்மாள் யாரையோ கூப்பிட்டாள்.

"நாலு வருசம் லேட்டுண்ணே" என்றான்.

"ஆமாடா."

வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்தது. "ஏய், சும்மா கெட" என்று அதை அதட்டினான். போனை வைக்கவில்லை.